ஆடில்லாத ஊரில் ஒரு மேய்ப்பன்

எங்கள் வீட்டு நாய்க்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இதைச் சொன்னால் சங்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பிள்ளைகளுக்கே தமிழ் தகராறாக இருக்கும் ஊரில் நாய் மட்டும் எப்படி ஐயா கற்றுக்கொண்டது?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளம் என்பதால்தான் இந்தக் கட்டுரை. நாய்க்குட்டி வாங்கலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் அன்பர்களுக்கு, நான் பட்ட பாடு சற்றுப் பயன்படலாம்.

நாங்கள் பொம்மனஹள்ளியில் குடியேறியது 1998-ல். அப்போது இந்த இடம் பெங்களூரு மாநகராட்சிக்கு வெளியே இருந்தது; 2007-ல்தான் சேர்த்தார்கள். இன்று ஓசூர் ரோட்டில் தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. கீழ்வீட்டில் ஓனர் அம்மா, மாடியில் நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. 2021-ல் அம்மா தவறிய பிறகு, மேச்சேரியில் தனியாக இருந்த அப்பாவையும் இங்கே அழைத்து வந்துவிட்டேன். ஆயுள் முழுக்க ஆடு மேய்த்தவர். வருவதற்கு முன் பட்டியில் இருந்த ஐம்பது ஆட்டையும் விற்றுவிட்டார். இங்கே அவருக்குப் பால்கனியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். காலையில் அதில் உட்கார்ந்தால் தெருவைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் ஆகிவிடும். "போரடிக்குதாப்பா?" என்று கேட்டால், "எனக்கென்ன குறை கண்ணு" என்பார். நானும் நம்பிக்கொண்டேன்.

2022 ஆகஸ்டில் மகளும் மகனும் சேர்ந்து பிடித்த பிடிவாதத்தில் நாய்க்குட்டி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, பஞ்சு உருண்டை போல ஒரு பார்டர் கோலி. படத்தில் பார்த்து மயங்கி, பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினோம். "ரெண்டு மாசக் குட்டி சார்" என்றார் விற்றவர். மருத்துவரிடம் கொண்டுபோனபோது, பல்லைப் பார்த்துவிட்டு, "நாற்பது நாள்கூட இருக்காது" என்றார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. எனக்கு அப்போது அது தெரியாது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமலே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பிள்ளைகள் 'ஆஸ்கார்' என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு வாயில் நுழையவில்லை. "மணின்னு கூப்பிடுங்க" என்றார். "என்ன சாதி நாயி இது?" என்று கேட்டார். "கோலி" என்றேன். "பேரு சரிதான். கோலிக்குண்டு மாதிரி ஒரு இடத்துல நிக்காம உருண்டுகிட்டே இருக்குது!"

அப்பா விளையாட்டாகச் சொன்னது மூன்றே வாரத்தில் உண்மையாகிவிட்டது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து அறைக்கு அறை ஓடுவான். செருப்பு, துடைப்பம், மகனின் கணக்கு நோட்டு எல்லாம் அவன் பல்லுக்கு இரை. பிள்ளைகள் நடந்தால் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலைக் கவ்வுவான். தெருவில் ஸ்கூட்டர் போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்வான். ஓசூர் ரோட்டுக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு, வண்டியைத் துரத்தும் நாயை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட விட்டால் களைத்துப் படுப்பான் என்று நினைத்தேன். காலையும் மாலையும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பந்து எறிந்தேன். என் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். அவனோ முன்பு ஒரு மணி நேரம் ஓடியவன், ஒன்றரை மணி நேரம் ஓடும் பயில்வான் ஆனான்!

இந்த இனத்தின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப்புற மலைகளில் செம்மறி மேய்ப்பதற்காகவே பொறுக்கி எடுத்து வளர்த்த நாய் இது. 'பார்டர்' என்ற பெயர் அந்த எல்லையைக் குறிப்பது. நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவர் வளர்த்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாய் 1893-ல் பிறந்து 1901-ல் இறந்தது. இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வம்சம்தான். வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் 1873-லேயே மேய்ப்பு நாய்களுக்குப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1906-ல் இவற்றுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமும் ஏற்பட்டது. அழகைப் பார்த்தல்ல, வேலையைப் பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுத்தார்கள். கண்ணை இமைக்காமல் முறைப்பது, வயிறு தரையில் படப் பதுங்குவது, அரைவட்டமாகச் சுற்றி வளைத்து மந்தையைச் சேர்ப்பது, இவையெல்லாம் அதன் ரத்தத்தில் ஊறியவை. நம் ஊர்க் கிடைகளில் நாய் காவலுக்கு இருக்கும். ஆட்டைத் திருப்புவது மேய்ப்பவரின் குரலும் கோலும்தான். அங்கேயோ நாய்தான் திருப்ப வேண்டும். அப்படிப்பட்ட ஒருவனை இரண்டு அறை வீட்டில் அடைத்து வைத்திருந்தேன்!

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு விஷயம் முற்றிவிட்டது. ஓனர் அம்மாவின் ஆறு வயதுப் பேரன் வாசலில் ஓடி விளையாடிக் கொண்டிருந்தான். திறந்திருந்த கதவு வழியாக மணி கீழே பாய்ந்து, சுற்றி வளைத்து, பையனின் கணுக்காலைக் கவ்விவிட்டான். இரண்டு பல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மணிக்கு மூன்றாம் மாதத்திலேயே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்ப் பையனுக்கும் ஊசி போட்டோம். இதில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு என்று காயத்தில் எதையாவது அப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இருபத்து நான்கு வருடம் முகம் சுளிக்காத ஓனர் அம்மா அன்று அழுதேவிட்டார். "ஒரு மாசம் டைம். நாயை அனுப்புங்க, இல்லே வேற வீடு பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு என் மனைவி, "ஏங்க, ஆனேக்கல் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுத்துடலாமே" என்றாள். பிள்ளைகள் அழுதார்கள். நானும் சம்மதித்துவிட்டேன். அதுவரை எதிலும் வாய் திறக்காத அப்பா, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது மேல என்னப்பா தப்பு? அது பையனைக் கடிக்கல. பட்டியை விட்டு ஓடுற குட்டின்னு நெனச்சு மடக்கியிருக்குது. வேலை செய்யப் பொறந்த நாயி. நாம குடுக்கலேன்னா அதுவா ஒரு வேலையைத் தேடிக்கும். சும்மா உக்காத்தி வெச்சுச் சோறு போட்டா எந்த சீவனுக்கும் கிறுக்குதான் பிடிக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் பால்கனி நாற்காலியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒரு மாசம் என்கிட்ட விடு" என்றார்.

மறுநாள் காலை அப்பா எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, "இதை உட்காரச் சொல்லணும்னா என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் "சிட்" என்பேன். மனைவி "உக்காரு" என்பாள். மகள் தெருத் தோழிகளிடம் பழகியபடி "கூத்கோ" என்பாள். மகன் "டௌன், டௌன்" என்று கத்துவான். "ஒரு நாயிக்கு எத்தனை பாஷைடா! பாவம், அது எதைத்தான் புரிஞ்சுக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் அன்றே முடிவாயிற்று. வா, படு, நில், விடு, போதும். ஐந்தே சொல். யார் சொன்னாலும் அதே சொல், ஒரே தடவை, கத்தாமல்.

பத்து கஜத் தாம்புக்கயிறு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். குட்டி தப்புச் செய்த பிறகு அடிப்பதற்கல்ல. தப்பைச் செய்யவே இடம் கொடுக்காமல் இருப்பதற்கு. சுண்டைக்காய் அளவு வேகவைத்த கோழித் துண்டுகளை மடியில் கட்டிக்கொள்வார். தெருமுனையில் வண்டிகள் தூரத்தில் போகும் இடத்தில் மணியோடு உட்காருவார். வண்டி வரும்போது, அவன் துள்ளுவதற்கு முன்பே "படு". படுத்தால் ஒரு துண்டு. நான்கு நாள் கழித்துப் பத்தடி முன்னால். பிறகு இன்னும் பத்தடி. மூன்று வாரத்தில் பிரதான சாலையின் ஓரத்தில், பஸ் போனாலும் மணி அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முன்பு வண்டி அவனுக்கு ஓடும் ஆடு. இப்போது வண்டி வந்தால் படுப்பது என்பதே அவன் வேலையாகிவிட்டது.

வீட்டிலும் வேலை ஏற்பட்டது. காலையில் அப்பாவோடு கடைக்குப் போய், அரை லிட்டர் நந்தினிப் பால் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கவ்விக்கொண்டு வருவான். "தாத்தா செருப்பு", "அம்மா செருப்பு" என்று சொன்னால் பிரித்துப் பார்த்து எடுத்து வருவான். விளையாட்டுச் சாமான்களைக் கூடையில் போடுவான். காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல், மொட்டை மாடியில் பூந்தொட்டிகளுக்கு இடையே ஒளித்து வைத்துத் தேட விடுவார். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான். முடிந்ததும் "போதும்" என்பார். சொன்னதும் மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவான். ஸ்காட்லாந்து மேய்ப்பர்களும் வேலை முடிந்ததை நாய்க்குச் சொல்ல இதே பொருளில் ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் 'போதும்' மிக முக்கியம். குட்டி நாய் ஒரு நாளில் பதினாறு, பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். இந்த இனத்துக் குட்டிகளுக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. தூக்கம் போதாத குழந்தை எப்படி அழிச்சாட்டியம் செய்யுமோ அப்படித்தான் இதுவும். நான் பந்து எறிந்து எறிந்து அவன் வெறியைத்தான் வளர்த்திருக்கிறேன். மூளைக்குப் பத்து நிமிடம் வேலை கொடுப்பது, காலுக்கு ஒரு மணி நேரம் வேலை கொடுப்பதைவிட அதிகம் களைக்க வைக்கிறது.

அந்த மூளை லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவில் வாஃபோர்டு கல்லூரியின் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, 'சேசர்' என்ற தன் பார்டர் கோலிக்கு மூன்று ஆண்டுகளில் 1022 பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர் செய்ததும் நாள்தோறும் பல மணி நேரம், ஒரு பொருளுக்கு ஒரே பெயர் சொல்லிப் பழக்கியதுதான்.

ஒரு மாதம் முடிந்த அன்று ஓனர் அம்மா வாசலில் நின்று பார்த்தார். பேரன் குறுக்கும் நெடுக்கும் ஓடினான். மணி படியில் படுத்தபடி, உடம்பெல்லாம் துடிக்க, அப்பாவையே பார்த்துக் கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "சரி, இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் அம்மா. அந்த இன்னும் ஒரு மாதம் இன்றுவரை முடியவில்லை. அந்தக் கன்னடப் பையன் இப்போது மணியைப் பார்த்து அழகான தமிழில் "படு" என்கிறான்!

இனி உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போக வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளைக் கொன்றுவிடும். அது முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் அதே வாரங்களில்தான் உலகத்தைப் பார்த்துப் பழக வேண்டும். ஆகவே கையில் தூக்கிக்கொண்டு போய், ஹார்ன் சத்தம், குழந்தைகள், மழைக்கோட்டு, எல்லாவற்றையும் காட்டுங்கள்.

பெங்களூரில் உண்ணித் தொல்லை அதிகம். உண்ணி வழியாக வரும் காய்ச்சலும் அதிகம். பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர், தன் நாட்டு நாய்க்குப் போட்ட 'ஐவர்மெக்டின்' ஊசியை மணிக்கும் போடச் சொன்னார். நல்லவேளை, எங்கள் மருத்துவர் தடுத்தார். கோலி இனங்களில் ஒரு மரபணுக் குறை இருக்கக்கூடும். இருந்தால், உண்ணிக்கும் சொறிக்கும் தரும் அளவில் இந்த மருந்து மூளைக்குள் புகுந்து நாயைச் சாய்த்துவிடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை 2001-ல் கண்டுபிடித்தார்கள். நீள்முடிக் கோலிகளில் இது மிகவும் அதிகம். பார்டர் கோலியில் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம். எப்படியானாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாமே கொடுக்கும் வேலை வேண்டாம்.

நம் வீட்டுப் பண்டங்களிலும் கவனம் தேவை. வெங்காயம், சாக்லெட், திராட்சை ஆகாது. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் உலர்ந்த திராட்சை இருக்குமே, அதுவும் ஆகாது. சமைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன் நடை முடிந்துவிட வேண்டும். தார் ரோட்டில் நம் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால், அவன் பாதமும் தாங்காது. இந்த நாய்கள் மயங்கி விழும்வரை ஓடும். நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான். எலும்பு முற்ற ஒரு வயதுக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை உயரத் தாண்ட விடக் கூடாது.

2024 பொங்கலுக்கு மணியை மேச்சேரிக்கு அழைத்துப் போனோம். இவ்வளவு கற்றுக்கொண்டவன், ஆட்டைக் கண்டால் சினிமாவில் வருவதுபோல மடக்கிவிடுவான் என்று பிள்ளைகளுக்கு ஆசை. சொல்லப் போனால் எனக்கும்தான். சித்தப்பா மகனின் பட்டியில் செந்நிற மேச்சேரி ஆடுகள் முப்பது இருந்தன. மணி பதுங்கினான். கண்ணை நாட்டினான். "பாரு பாரு" என்று மகன் கத்திய சத்தத்தில் ஆடுகள் மிரண்டன. அவ்வளவுதான், பாய்ந்துவிட்டான். கயிறு என் கையை உரித்துக்கொண்டு போனது. ஆடுகள் நாலாபுறமும் சிதறின. சினை ஆடு ஒன்று முள்வேலியில் மாட்டிக்கொண்டது. "படு!" என்று அப்பா போட்ட ஒரு குரலில் மணி பாதி ஓட்டத்தில் விழுந்து படுத்தான். அந்தக் குரல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆட்டுக்கு நல்லவேளையாகக் கீறலோடு போயிற்று. தம்பி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார்: "ரத்தத்துல இருக்குதுங்கிறதுக்காக வேலை தானா வந்துடாது கண்ணு. ஆட்டு வேலையை அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவனுக்குத் தெரிஞ்ச வேலை பால் பாக்கெட்டுதான். அதை நல்லாச் செய்யறான், போதும்."

ஆகவே அன்பர்களே, படத்தைப் பார்த்து இந்த நாயை வாங்காதீர்கள். வீட்டில் ஒருவராவது, பன்னிரண்டு பதினைந்து வருடம், தினம் இரண்டு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போய்ப் பூட்டிவிட்டு வரும் வீடானால் வேண்டவே வேண்டாம். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் நமக்கும் நிம்மதி, அதற்கும் ஒரு வீடு. எங்கள் வீட்டில் மணி தங்கியது என் சாமர்த்தியத்தால் அல்ல. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மேய்ப்பர் எங்கள் வீட்டில் இருந்தார். அதைக் கண்டுகொள்ள எனக்குத்தான் ஒரு வருடம் ஆயிற்று.

"மணிக்கு ஒரு வயசு ஆகட்டும், நான் ஊருக்குப் போயிடறேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வயதாகட்டும் என்றார். இப்போது அந்தப் பேச்சையே காணோம். பால்கனி நாற்காலியில் துணி காய்கிறது.

மணிக்குத் தெரிந்த சொற்களை மகள் சமையலறை நாள்காட்டியின் பின்புறத்தில் எழுதி வருகிறாள். பள்ளியில் தமிழ் படிக்காதவள். தாத்தா சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டி எழுதுகிறாள். 'செருப்பு'க்கு எந்த 'ரு' என்று போன மாதம் இருவருக்கும் சண்டை. நேற்றுவரை அறுபத்து மூன்று சொல். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்கும்: "கண்ணு, இன்னிக்குப் புதுசா என்ன எழுதலாம்?"